கூடுதல் ரேஞ்சுக்கு இரண்டு லட்சம் கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. எலக்ட்ரிக் கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, சின்ன பேட்டரியா பெரிய பேட்டரியா என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியவில்லை என்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வாசகர், திருப்பூர்): சார், திருப்பூரிலிருந்து தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன், போக வர 110 கி.மீ. சொந்த வீடு, கார் ஷெட் இருக்கிறது. மாமனார் வீடு சென்னையில், வருஷத்துக்கு மூன்று நான்கு முறை போவோம். கிரெட்டா எலக்ட்ரிக்கில் 42 எடுக்கலாம் என்று நான் சொல்கிறேன், "வாங்குவது ஒருமுறை, பெரிசாகவே வாங்கு" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கணக்குக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அப்பாவிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும் இல்லையா, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி அளவு. கிலோவாட் ஹவர் என்று பிரசுரத்தில் போட்டிருப்பது உங்கள் இ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான், வேறொன்றும் இல்லை. 2025 ஜனவரியில் கிரெட்டா எலக்ட்ரிக் வந்தபோது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், அதாவது ரேஞ்ச், 42 யூனிட் பேட்டரிக்கு 390 கி.மீ., 51.4 யூனிட் பேட்டரிக்கு 473 கி.மீ. என்று அறிவித்தார்கள். இந்த எண்கள் எம்.ஐ.டி.சி. என்ற இந்தியச் சோதனை முறையில், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுப்பவை. அந்தச் சோதனையில் பெரும்பகுதி நகர வேகம், உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். அவிநாசி பைபாஸில் ஏ.சி. போட்டுக்கொண்டு 95, 100 என்று போகிறவருக்கு அந்த எண் கிடைக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 80-ல் போவதற்கும் 100-ல் போவதற்குமே செலவில் நல்ல வித்தியாசம் தெரியும்.

இந்த அளவுள்ள கார்கள் ஊருக்குள்ளும் பைபாஸிலும் கலந்து ஓடினால் 100 கி.மீ.க்கு 13, 14 யூனிட் ஆகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் 15, 16 யூனிட். இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், எந்த விற்பனையாளர் சொல்வதையும் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

உங்கள் தினசரி 110 கி.மீ.க்கு 15 யூனிட். 42 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கார் ஷெட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கிலேயே மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குச் செருகினால் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குள் முந்தைய நாள் செலவானது திரும்ப வந்துவிடும். எட்டு, பத்து வருஷத்தில் பேட்டரியின் கொள்ளளவு 20 சதவீதம் குறைந்தே போனாலும் 33 யூனிட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும், உங்களுக்குத் தேவை அப்போதும் 15 யூனிட்தான்.

சரி, சென்னை? இங்கேதான் அப்பா பயப்படுகிறார், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. சேலம், உளுந்தூர்பேட்டை வழியாக உங்களுக்கு 460 கி.மீ. வரும். வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்பி 15 சதவீதம் வரை இறங்க விட்டால் சின்ன பேட்டரி சுமார் 230 கி.மீ. வரும், அதாவது கள்ளக்குறிச்சி பக்கம். பெரிய பேட்டரி சுமார் 280 கி.மீ., உளுந்தூர்பேட்டையைத் தாண்டிவிடும். வழியில் வேக சார்ஜரில் 80 சதவீதம் வரைதான் போடுவோம், அதற்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும், காத்திருப்பது வீண். அப்படி 80-லிருந்து 15 வரை ஓட்டினால் சின்னதில் 175 கி.மீ., பெரியதில் 215 கி.மீ. ஆக, பெரிய பேட்டரிக்காரர் ஒரு இடத்தில் நிறுத்துவார், நீங்கள் ஒன்றுக்கு இரண்டாக நிறுத்த வேண்டும், இரண்டாவது நிறுத்தம் 15, 20 நிமிடம் போதும். பிரசுரத்தில் 83 கி.மீ. என்று தெரிந்த வித்தியாசம் இரண்டு சார்ஜர்களுக்கு நடுவே 40 கி.மீ.தான் என்பதைக் கவனியுங்கள்.

அந்த 20 நிமிடத்துக்கு என்ன விலை? அறிமுக விலையில் ஸ்மார்ட் (ஓ) என்ற ஒரே வேரியன்ட்டில் இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே 2 லட்சம் வித்தியாசம் இருந்தது. 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடன் என்றால் மாதம் 4,150 ரூபாய், மொத்தமாக இரண்டரை லட்சத்தை ஒட்டி. வருஷத்துக்கு மூன்று நான்கு பயணங்களுக்காக இதைக் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய பேட்டரியோடு வரும் மோட்டாருக்குச் சக்தியும் அதிகம், 99 கிலோவாட்டுக்குப் பதில் 126 கிலோவாட். ஆனால் 99 கிலோவாட்டே லாரியை ஓவர்டேக் செய்யத் தாராளமாகப் போதும், டெஸ்ட் டிரைவில் குடும்பத்தை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை வீட்டு வயரிங்கில் போடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிளக் வரை தனி வயர் இழுத்து, தனி எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரன்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச்) வைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பல பழைய வீடுகளில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியே வருஷக்கணக்காகியிருக்கும். எர்த் சரியில்லை என்றால் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும், வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்வார்கள். அதைவிட மோசம், ஐந்து ஆறு மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் இழுத்தால் தளர்ந்துபோன சாக்கெட் உருகிவிடும். முதல் வாரம் சார்ஜ் ஏறும்போது ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.

கேள்வி (வாசகி, திண்டுக்கல்): பெரிய பேட்டரி வாங்கினால் கரன்ட் பில் அதிகமாக வருமா?

பதில்: வராது. பில் நீங்கள் ஓட்டும் கிலோமீட்டரைப் பொறுத்தது. பெரிய பேட்டரி கொஞ்சம் எடை கூடுதல் என்பதால் ஏதோ சிறிது ஏறும், கண்ணில் படாது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கூடும். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. இப்போதே 400 யூனிட் ஓடுகிற வீடு என்றால் புது பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

கேள்வி (வாசகர், சென்னை வேளச்சேரி): வாடகை அபார்ட்மென்ட். அசோசியேஷன் சார்ஜிங் பாயின்ட் வைக்க விடமாட்டேன் என்கிறது. தினமும் 45 கி.மீ., ஆறு நாள். எம்.ஜி. விண்ட்சர் பார்த்து வைத்திருக்கிறேன். 38 போதுமா, 52.9 எடுக்கலாமா?

பதில்: உங்களுக்கு என் பதில் திருப்பூர்க்காரருக்குச் சொன்னதற்கு நேர் எதிர். வீட்டில் சார்ஜ் இல்லை என்றால் பெரிய பேட்டரிதான் எடுக்க வேண்டும், அதற்குப் பணம் இடிக்கிறது என்றால் இப்போதைக்கு எலக்ட்ரிக் காரே வேண்டாம்.

ஏன் என்று பாருங்கள். சென்னை ட்ராஃபிக்கில் பேட்டரியைத் தின்பதில் ஏ.சி.க்குப் பெரிய பங்கு உண்டு. கார் நகர்ந்தாலும் நின்றாலும் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட், ஒன்றேகால் யூனிட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். மே மாத மாலையில் பள்ளிக்கரணை பக்கம் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் ஏ.சி. கணக்கு மட்டும் 100 கி.மீ.க்கு ஐந்து ஆறு யூனிட் வந்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலத்தில் ரேஞ்ச் சரிந்துவிடுகிறது என்று காட்டுவார்கள், அந்தப் பிரச்சினை நமக்கில்லை, நமக்கு இதுதான். எல்லாம் சேர்த்து 14 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 270 கி.மீ. என்றால் 38 யூனிட் தேவை. 38 யூனிட் பேட்டரியை முழுசாகக் காலி செய்து ஓட்ட முடியாது, 20 சதவீதம் மிச்சம் வைத்தால் 215 கி.மீ.தான் வரும். ஆக வாரம் இரண்டு முறை சார்ஜர் தேடிப் போக வேண்டும். 52.9-இல் அதே கணக்குக்கு 300 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போட்டால் வாரம் முழுக்க ஓடும். விண்ட்சரில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி, வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றுவதில் பிரச்சினை இல்லை. அந்தக் கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், அதனால் மால், சூப்பர் மார்க்கெட் என்று எப்படியும் போகிற இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகு சார்ஜர் தேடிப் போவது எப்படிப்பட்ட வேலை என்று ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆப்பில் பச்சையாகக் காட்டும், போய்ப் பார்த்தால் முன்னால் பெட்ரோல் கார் ஒன்று நிற்கும். சார்ஜரில் 60 கிலோவாட் வேகம் என்று போட்டிருக்கும், காரில் செருகும் 'கன்' இரண்டு இருக்கும், பக்கத்தில் இன்னொரு டாக்ஸி செருகியதும் உங்களுக்கு 30 ஆகக் குறைந்துவிடும். இதை வாரம் ஒருமுறை செய்யலாம், இரண்டு முறை என்றால் மூன்றே மாதத்தில் கார் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

செலவு? வெளி வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும், ஜி.எஸ்.டி. தனி. வாரம் 38 யூனிட்டுக்கு வரியோடு 900 ரூபாய். பெட்ரோல் காருக்கு இதே தூரத்துக்கு 1,900-க்கு மேல் ஆகும். லாபம் உண்டு, ஆனால் வீட்டில் போடுகிறவருக்குக் கிடைக்கும் லாபம் உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம், அசோசியேஷனை அப்படியே விட்டுவிடாதீர்கள். மின் வாகனம் வைத்திருப்பவர் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிற மின் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலில் இருக்கிறது. அதன் பிரதியோடு, உங்கள் மீட்டரிலிருந்தே வயர் இழுத்துக்கொள்கிறேன், செலவு என்னுடையது, லோடு கூட்டவும் நானே விண்ணப்பிக்கிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். வீட்டு உரிமையாளரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் எதிர்ப்புக்குக் காரணமே பொது மீட்டரில் பில் ஏறும் என்ற பயம்தான். அனுமதி கிடைத்துவிட்டால் 38 யூனிட்டே போதும், காத்திருந்து பார்த்துவிட்டு புக் செய்யுங்கள்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): சின்ன பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்கிறார் டீலர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஒரே தூரத்துக்குச் சின்ன பேட்டரி அதிக முறை ஏறி இறங்கும், அது சரி. வருஷம் 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், ஒரு முழு சார்ஜுக்கு 200 கி.மீ. கிடைக்கிறது என்றால் வருஷத்துக்கு 75 சுற்று. 300 கி.மீ. தரும் பேட்டரிக்கு 50 சுற்று. பத்து வருஷத்தில் 750-க்கு 500. இன்றைய லித்தியம் பேட்டரிகள் ஆயிரம் சுற்றுக்கு மேல் தாங்குபவை, எல்.எஃப்.பி. என்றால் அதைவிடப் பல மடங்கு. சொந்த உபயோகத்துக்கு இது கவலையே இல்லை. டாக்ஸிக்கு வருஷம் 60,000 கி.மீ. ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் டீலர் சொல்வதைக் கேட்டுப் பெரியதை எடுங்கள்.

வாரண்டி தாளை மட்டும் வரிவிடாமல் படியுங்கள். பொதுவாக 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. சில கம்பெனிகள் ஆயுள் வாரண்டி என்று விளம்பரம் செய்கின்றன, அது முதல் உரிமையாளருக்கு மட்டும். விற்றால் வாங்குகிறவருக்கு அது போகாது, பழைய எட்டு வருஷக் கணக்குக்குத் திரும்பிவிடும். மறுவிற்பனை விலையைப் பேசும்போது இது வந்து நிற்கும்.

கேள்வி (வாசகர், மேட்டுப்பாளையம்): வாரம் ஒருமுறை ஊட்டிக்குப் போய் அன்றே திரும்புகிறேன். நெக்ஸான் 30 யூனிட் மலை ஏறுமா? மலைக்குப் பெரிய பேட்டரி கட்டாயம் என்கிறார்கள்.

பதில்: ஏறும், இறங்கும், மிச்சமும் வைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 50 கி.மீ.தான், ஆனால் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். நான்கு பேரோடு காரின் எடை 1,750 கிலோ என்றால் அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 9 யூனிட் வேண்டும். சாலை, காற்று, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்ந்து ஊட்டி போய்ச் சேரும்போது 15 யூனிட் போயிருக்கும், அதாவது பாதி பேட்டரி. குன்னூர் தாண்டும்போது மீட்டரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும், பதற வேண்டாம். இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, ஏறும்போது கொடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மேட்டுப்பாளையம் வரும்போது ஊட்டியில் இருந்ததைவிட சில சதவீதம் கூடுதலாகக்கூடக் காட்டும். மொத்தச் செலவு 12 யூனிட்டை ஒட்டித்தான் நிற்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஊட்டியில் ஓட்டலில் இலவசமாக சார்ஜ் கிடைக்கிறது என்று 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் திரும்பி வரும் மின்சாரம் நுழைய இடமில்லை, அதனால் ரீஜென் எனப்படும் அந்த டைனமோ வேலை நடக்காது, கால் எடுத்தால் வண்டி தானாக வேகம் குறைவதும் நின்றுவிடும், முழு எடையையும் சாதாரண பிரேக்தான் தாங்க வேண்டும். குன்னூரிலிருந்து பர்லியாறு வரை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கையே நம்பி இறங்குவது ஆபத்து. ஊட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் கிளம்புங்கள். 30 யூனிட் உங்களுக்குப் போதும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி): ஐயா, எனக்கு 68 வயது. ஊருக்குள் தினமும் பத்து கி.மீ.கூட ஓட்டமாட்டேன். மாதம் ஒருமுறை மனைவியை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். டியாகோவில் சின்னது போதும் என்று நினைக்கிறேன், பணம் மிச்சம். வருஷத்தில் மூன்று மாதம் மகள் வீட்டுக்கு வெளிநாடு போய்விடுவோம், அப்போது கார் சும்மா நிற்கும்.

பதில்: ஐயா, தினசரி ஓட்டத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த மதுரைப் பயணம்தான் முடிவு செய்ய வேண்டும். போக வர 180 கி.மீ. 2022 செப்டம்பரில் டியாகோ எலக்ட்ரிக் வந்தபோது 19.2 யூனிட் பேட்டரிக்கு 250, 24 யூனிட்டுக்கு 315 கி.மீ. என்றார்கள். நீங்கள் 70, 80-ல் நிதானமாக, ஏ.சி. போட்டு ஓட்டினால் 100 கி.மீ.க்கு 11 யூனிட் ஆகும், 180-க்கு 20 யூனிட். 19.2 பேட்டரி வீடு வந்து சேராது. 24 யூனிட் பேட்டரி வந்துவிடும்.

திருப்பூர் வாசகருக்கு 9 யூனிட் வித்தியாசம் வேண்டாம் என்று சொன்னேன், உங்களுக்கு ஐந்து யூனிட்டுக்கும் குறைவான வித்தியாசத்தை வாங்குங்கள் என்கிறேன். அவர் வருஷத்துக்கு நாலு தடவை 20 நிமிடம் கூடுதலாக நிற்கப் போகிறார். நீங்கள் மாதம் தவறாமல், டாக்டரைப் பார்த்துவிட்டு, உடம்பு முடியாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் மேலூர் பக்கம் சார்ஜர் தேட வேண்டியிருக்கும். பெரியதையே எடுங்கள். மதுரைக்குக் கிளம்பும் முந்தைய இரவு 100 சதவீதம் ஏற்றுங்கள், மற்ற நாளில் 80 போதும். ஆஸ்பத்திரி வாகன நிறுத்துமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் தருவார்களா என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் 50 கி.மீ.க்குச் சார்ஜ் ஏறிவிடும், பேட்டரிக்கு வயதான பிறகு அது கைகொடுக்கும்.

வெளிநாடு போகும் முன் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் வைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். முழுசாக ஏற்றி வெயிலில் மூன்று மாதம் நிறுத்துவதும் கெடுதல், பத்து சதவீதத்தில் விட்டுப் போவதும் கெடுதல். காரை ஓட்டும் பெரிய பேட்டரி அப்படியே இருக்கும், உங்களைக் கைவிடப் போவது பானட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் கதவுகூட ரிமோட்டில் திறக்காது. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரெடி' என்று வந்த பிறகு அரை மணி நேரம் நிற்கவிடச் சொல்லுங்கள், அது ஏறிக்கொள்ளும். முடிந்தால் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்கள், டயருக்கும் பிரேக்குக்கும் நல்லது.